எது ஊர்வன, எது இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடங்களில் பாம்பு, பல்லி பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் முடிவில் கைகள் உயரும். பாதிக் கேள்விகள் விஷத்தைப் பற்றியவை. மீதி எல்லாம் "இது ஊர்வனவா சார், அது ஊர்வனவா சார்" என்பவை. பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களைக் கூட்டி வரும் பெற்றோர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊர்ந்து போவதெல்லாம் ஊர்வனவா?

இல்லை. மண்புழு ஊர்கிறது, நத்தை ஊர்கிறது, மரவட்டை ஊர்கிறது. இவற்றில் எதுவுமே ஊர்வன இல்லை. முதலை வயிற்றைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நன்றாகவே நடக்கும். பங்குனி ஆமை ஆயுள் முழுக்கக் கடலில் நீந்திவிட்டு, முட்டையிட மட்டும் பெண் ஆமை கரை ஏறும். இவை இரண்டும் ஊர்வன.

குழப்பம் பெயரில் இருக்கிறது. லத்தீனிலும் "ஊர்தல்" என்ற வினையிலிருந்துதான் இந்த வகுப்பின் பெயர் வந்தது. 1758இல் லின்னேயஸ் விலங்குகளை வகைப்படுத்தியபோது தவளை, பல்லி, பாம்பு எல்லாவற்றையும் "ஆம்ஃபிபியா" என்று ஒரே மூட்டையாகக் கட்டினார். பத்து வருடம் கழித்து, 1768இல், வியன்னாவில் லாரென்டி என்பவர் "ரெப்டீலியா" என்ற பெயரை எடுத்தார். அவரும் தவளையை உள்ளேதான் வைத்திருந்தார். தவளையைத் தனியே பிரிக்க அடுத்த நூற்றாண்டு ஆயிற்று. பெயர் வைத்தவர்கள் நடையைப் பார்த்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் உடலுக்குள்ளே பார்த்து ஆட்களை மாற்றினார்கள், பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பின்னே எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

முதலில் முதுகெலும்பு இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நுரையீரலால் மூச்சு விட வேண்டும். தோல் வறண்டு, செதில் மூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்து, கரு வளரும் முட்டையும் தண்ணீருக்கு வெளியே பிழைக்கும் முட்டையாக இருந்தால் ஏறக்குறைய ஊர்வன என்று சொல்லலாம். ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்பது பறவைக் கேள்விக்கு வரும்போது புரியும்.

இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறிவிடுவோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இந்தப் பிராணி யாருக்குச் சொந்தம் என்று கேட்க வேண்டும். வகைப்பாடு என்பதே இந்தச் சொந்தம் விசாரிக்கும் வேலைதான்.

பல்லி முட்டைக்கும் தவளை முட்டைக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பரணில் இருக்கும் பழைய பெட்டியை நகர்த்தும்போதோ, சுவிட்ச் பாக்ஸைக் கழற்றும்போதோ சுண்டைக்காயைவிடச் சின்னதாக, வெள்ளையாக, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் கிடக்கும். வீட்டுப் பல்லியுடையது. எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு போல ஓடு கெட்டியாக இருக்கும். அந்தப் பரணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்படியும் உள்ளே ஒரு குஞ்சு வளர்கிறது.

தவளை முட்டையை மழைக்காலக் குட்டையில் பார்த்திருப்பீர்கள். ஓடு கிடையாது, வழுவழுவென்று கூழ் மாதிரி மிதக்கும். எடுத்து வெயிலில் வைத்தால் சீக்கிரமே காய்ந்து போகும். அந்தக் கருவுக்குக் குளம் வேண்டும்.

பல்லி தன் குளத்தை முட்டைக்குள்ளேயே எடுத்துப் போகிறது. கருவைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு பை இருக்கிறது. கழிவைச் சேர்த்து வைக்க ஒரு பை, உணவுக்கு மஞ்சள்கருப் பை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு சவ்வு, அதற்கு வெளியே ஓடு. அந்த நீர்ப்பையை விஞ்ஞானிகள் அம்னியான் என்கிறார்கள். நமக்கு இதைவிடப் பழகிய பெயர் ஒன்று உண்டு: பனிக்குடம். பிரசவ அறை வாசலில் "பனிக்குடம் உடைந்துவிட்டது" என்று சொல்கிறோமே, அதே பைதான். பல்லி முட்டைக்குள் இருப்பதும் தாயின் கருப்பைக்குள் நம்மைச் சுற்றி இருந்ததும் ஒரே பாட்டன் சொத்து. பனிக்குடம் உள்ள விலங்குகள் மூன்று கூட்டம்: ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள். தவளைக்கும் மீனுக்கும் அது இல்லை. அதனால்தான் தவளை வெளியே போனது. ஈரத்தோலும் தலைப்பிரட்டைப் பருவமும் கூடுதல் சாட்சிகள்.

குட்டி போடும் பாம்புகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. கண்ணாடி விரியன், மண்ணுளிப் பாம்பு, கொடியோடு கொடியாகத் தொங்கும் பச்சைப் பாம்பு எல்லாம் குட்டி போடுபவை. கருக்கள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து முடித்துவிட்டு வெளியே வருகின்றன. குட்டி போடுவதால் அவை பாலூட்டி ஆகிவிடாது. பால் சுரக்க வேண்டும், ரோமம் வேண்டும். மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது, குஞ்சுக்குப் பாலும் கொடுக்கிறது. அது பாலூட்டிதான்.

செதில் இருந்தால் ஊர்வன என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மீனுக்கும் செதில் உண்டு, எறும்புத்தின்னியான அலுங்குக்கும் செதில் உண்டு. அலுங்கு பால் கொடுத்துக் குட்டியை வளர்க்கும் பாலூட்டி.

மீன் கழுவும்போது கவனியுங்கள். கத்தியால் சுரண்டினால் செதில்கள் தனித்தனியே தெறிக்கும். ஒவ்வொன்றும் தோலுக்குள் செருகிய தனித் தகடு. பாம்பின் செதிலை அப்படிப் பிரிக்க முடியாது. அது மேல்தோலே மடிந்து தடித்த மடிப்பு. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. அதனால்தான் பாம்பு சட்டை உரிக்கும்போது மேல்தோல் முழுவதும் ஒரே உறையாகக் கழன்று வருகிறது.

வேலியோரம் பாம்புச் சட்டை கிடைத்தால் பயப்படாமல் எடுத்துத் தலைப்பக்கம் பாருங்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்காது. வட்டமாக, கண்ணாடி போல் ஒரு மூடி இருக்கும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடிய அந்தக் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு சேர்ந்து உரிகிறது. முதன்முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

குளிர்ந்த ரத்தம் என்பது சரியா?

அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பேன். மதியம் காம்பவுண்டுச் சுவரில் வெயில் காயும் ஓணானின் ரத்தம் ஒன்றும் குளிர்ந்து இருக்காது. உடலுக்கு வேண்டிய சூட்டைச் சாப்பாட்டை எரித்து உண்டாக்காமல் வெயிலிலிருந்தும் சுட்ட கல்லிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தச் சிக்கனத்தால்தான் ஒரு பாம்பு ஒரே இரையோடு பல நாள் தாங்குகிறது. ஆனால் பெரும்பாலான மீன்களும் தவளைகளும் கூட இப்படித்தான். எனவே இது ஊர்வனவுக்கே உரிய அடையாளம் ஆகாது.

இன்று உயிரோடு இருக்கும் ஊர்வன எத்தனை வகை?

நான்கு பிரிவு. பல்லிகளும் பாம்புகளும் சேர்ந்த பிரிவு மிகப் பெரியது. ஊர்வனவில் அறியப்பட்ட சிற்றினங்கள் 12,000ஐத் தாண்டுகின்றன, அவற்றில் பெரும்பங்கு இங்கேதான். ஆமைகள் சுமார் 360. முதலைகள் முப்பதுக்கும் குறைவு. நான்காவது பிரிவில் ஒரே ஒரு பிராணி: நியூசிலாந்தின் டுவாட்டாரா.

ஒரே பிராணிக்கு ஒரு தனிப் பிரிவா? அது பல்லி மாதிரிதானே இருக்கிறது?

படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதுகில் முள் வரிசையோடு ஒரு தடித்த ஓணான். மாவோரி மொழியில் அதன் பெயரே முதுகு முள்ளைத்தான் குறிக்கிறது. 1831இல் லண்டனில் ஜான் எட்வர்ட் கிரே அதன் மண்டை ஓட்டைப் பார்த்து ஓணான் குடும்பத்தில் சேர்த்தார். 36 வருடம் அது ஓணானாகவே இருந்தது. 1867இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆல்பர்ட் குந்தர் உடலை அறுத்து, எலும்பு எலும்பாகப் பார்த்து, இது பல்லியே இல்லை என்றார். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1864இல், இந்திய ஊர்வனவற்றைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். நம் ஊர் ஓணான்களையும் அரணைகளையும் அவ்வளவு தூரம் பார்த்துப் பழகிய கண் அது.

அவர் கண்டது என்ன? மேல் தாடையில் இரண்டு வரிசைப் பல். கீழ்த்தாடையின் ஒற்றை வரிசை அவற்றுக்கு நடுவில் வந்து பொருந்துகிறது. காதுக்கு வெளித்துளை இல்லை. ஆண் பல்லிக்கும் ஆண் பாம்புக்கும் இருக்கும் இரட்டைப் புணர்ச்சி உறுப்பு இதற்குக் கிடையாது. பல்லி வம்சத்திலிருந்து டுவாட்டாரா வம்சம் பிரிந்து சுமார் 25 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பங்காளிகள் எல்லாம் அழிந்து, இது ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்வர்கார்கில் நகர அருங்காட்சியகத்தில் ஹென்றி என்ற டுவாட்டாரா 2009இல், நூறு வயதைத் தாண்டிய பிறகு, 11 குஞ்சுகளுக்குத் தகப்பன் ஆனது.

பாம்பும் பல்லியும் ஒரே பிரிவு என்றால் நம்ப முடியவில்லையே?

பல்லி வம்சத்தின் ஒரு கிளை காலை இழந்து பாம்பு ஆயிற்று. மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில், அடிப்பக்கம், இருபுறமும் சின்ன நகம் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்னங்காலின் மிச்சம் அது. உடும்பைப் பாருங்கள், நாலு கால் இருக்கிறது, ஆனால் நாக்கு பாம்பு நாக்கு போலவே பிளந்திருக்கும்.

கால் இல்லாததெல்லாம் பாம்பும் இல்லை. அரணை இனத்திலேயே கால் தேய்ந்து மறைந்தவை உண்டு. காலுள்ள சாதாரண அரணையையும் பலர் பாம்புக் கணக்கில் வைத்துப் பயப்படுகிறார்கள். "அரணை கடித்தால் மரணம்" என்ற பழமொழி செய்த வேலை. அரணைக்கு விஷமே இல்லை. கடிக்க வந்து மறந்து போய்விடும் என்ற கதையும் வேண்டாம், அது கடிக்க வருவதே இல்லை.

தோட்டத்தில் நிறம் மாறும் ஓணானைப் பச்சோந்தி என்கிறார்களே?

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்வது. உண்மையான பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி போலக் கிளையைப் பிடிக்கும். வால் சுருண்டிருக்கும், இரண்டு கண்ணும் தனித்தனியே திரும்பும். இரண்டுமே ஊர்வன, குடும்பம் வேறு.

பூந்தொட்டி மண்ணில் கறுப்பாக நெளிகிறதே, புழுவா பாம்பா?

புழுப்பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நிதானமாகப் பாருங்கள். மண்புழுவின் உடலில் வளையங்கள் தெரியும், நீண்டு சுருங்கி நகரும், தொட்டால் ஈரமாக இருக்கும். புழுப்பாம்பு வளையமில்லாமல், எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், உடலைப் பக்கவாட்டில் வளைத்து ஓடும். உற்றுப் பார்த்தால் நூல் போன்ற நாக்கு வெளியே வந்து போகும். கண் வெறும் புள்ளி. விஷம் இல்லை. எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்று வாழ்வது.

இதில் ஆண் கிடையாது. எல்லாம் பெண், துணையில்லாமலே முட்டையிடும். ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு கப்பலேறினாலும் போன ஊரில் குடும்பம் பெருகிவிடும். அப்படித்தான் உலகத்தின் வெப்ப நாடுகள் பலவற்றுக்குப் பரவியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், பாக்குத் தோப்பு மண்ணைக் கிளறும்போது மூன்றாவதாக ஒன்று வரலாம். மண்புழு போல வளையம், ஆனால் வாயும் பல்லும் எலும்பும் உள்ளது. அது சிசிலியன். தவளைக்குச் சொந்தம், பாம்புக்கு இல்லை. மூன்று பேரும் ஒரே மண்ணுக்குள் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டார்கள். மண்ணுக்குள் நுழைந்து வாழ அந்த உருவம்தான் வசதி. உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பறவைகள் ஊர்வனவா? இணையத்தில் அப்படிப் போடுகிறார்கள்.

இன்றைய வகைப்பாட்டு முறைப்படி ஆம். காரணத்தைச் சொல்கிறேன்.

தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். பிள்ளைகள் எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை வெளியூர் போய், உடை மாறி, பேச்சு மாறிவிட்டான் என்பதற்காக அவன் பெயரை விட்டுவிட முடியாது. 1950இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் சொன்னது இதைத்தான். ஒரு மூதாதை, அதன் வாரிசுகள் அத்தனையும், இவை சேர்ந்ததுதான் ஒரு இயற்கையான குழு. முதலையும் டைனோசரும் ஒரே மூதாதையின் வழி வந்தவை. டைனோசரின் ஒரு கிளை பறவையாயிற்று. முதலையை உள்ளே வைத்துக்கொண்டு பறவையை வெளியே நிறுத்தினால் வாரிசுப் பட்டியல் தப்பாகிவிடும்.

முதலைக்கு ஓணானைவிடக் காக்கை நெருங்கிய சொந்தம். நம்பச் சிரமமாக இருந்தால் இதயத்தைப் பாருங்கள். மற்ற ஊர்வனவற்றுக்கு மூன்று அறை இதயம், முதலைக்கு மட்டும் பறவை போல நான்கு. முதலை கூடு கட்டும் அல்லது குழி தோண்டும், காவல் காக்கும். முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு குரல் கொடுக்கும், தாய் வந்து தோண்டி எடுத்து வாயில் சுமந்து தண்ணீருக்குக் கொண்டுபோகும். சென்னை முதலைப் பண்ணையில் தகப்பன் முதலையும் அப்படிச் சுமப்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைப் பக்கத்துச் சாட்சி வேண்டுமென்றால் கோழிக் காலைச் சுத்தம் செய்யும்போது பாருங்கள், விரல்மேல் அடுக்கடுக்காகச் செதில்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைச் சொல்லிவிட்டு, "தவழ்பவை தாமும் அவற்று ஓரன்ன" என்கிறது. தவழ்பவற்றின் இளமைக்கும் அதே பெயர்கள். ஐங்குறுநூற்றில் ஆமைக் குஞ்சும் பார்ப்பு, முதலைக் குஞ்சும் பார்ப்பு. "தன் பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை" என்று அங்கே ஒரு அடி. குஞ்சைக் கவ்விக்கொண்டு போகும் தாயைப் பார்த்தவர்கள் தின்கிறது என்று நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பரிணாமம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. முட்டையிலிருந்து வந்ததைப் பார்த்து ஒரே பெயர் வைத்தார்கள். அந்தக் கவனிப்பு எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது?

பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்: மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்து வகுப்புகள். பார்த்தவுடன் அடையாளம் காண அந்தப் பிரிவு இன்றும் உதவுகிறது. யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்று கேட்டால் மட்டும் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நாமும் ஊர்வனவிலிருந்து வந்தவர்களா?

முன்பு அப்படிச் சொல்லித்தந்தார்கள், இப்போது மாற்றிச் சொல்கிறார்கள். பனிக்குடம் உள்ள முதல் விலங்குகள் வந்து அதிக காலம் ஆகும் முன்பே, 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இரண்டு வழி பிரிந்துவிட்டது. ஒரு வழி ஊர்வனவுக்கும் பறவைக்கும், இன்னொன்று நமக்கு. அண்ணன் தம்பி, தகப்பன் மகன் இல்லை.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். உள்ளே சதை புடைக்கும். தாடையை இழுக்கும் அந்தத் தசை கன்ன எலும்பு வளைவுக்கு உள்பக்கமாக இறங்கிப் போகிறது. நம் வழியில் மண்டை ஓட்டில் கண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு பக்கத்துக்கு ஒரு இடைவெளிதான். பல்லி, முதலை, டைனோசர் வழியில் இரண்டு. ஆமைக்கு ஒன்றுமே இல்லாததால் அதைத் தனியே, மிகப் பழைய கூட்டமாக வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகு ஆமை, முதலைக்கும் பறவைக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் இடைவெளிகள் பிற்காலத்தில் மூடிக்கொண்டவை.

இந்த வகைப்பாட்டால் சாதாரண ஆளுக்கு என்ன பயன்?

கட்டுவிரியன் என்ற பெயரில் விரியன் இருக்கிறது. ஆனால் அது விரியன் குடும்பமே இல்லை, நல்ல பாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், வலி கொல்லும், ரத்தம் உறையாமல் போகும். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீக்கமோ வலியோ தெரியாது. தூக்கத்தில் கடித்ததே தெரியாமல் போகலாம். அப்புறம் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். பெயரை நம்பி "விரியன் என்றால் வீங்கியிருக்குமே" என்று காத்திருந்தால் ஆபத்து.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அதுவும் விரியன் குடும்பம்தான், ஆனால் இந்த மருந்து அதன் கடிக்குச் சரியாக வேலை செய்வதில்லை. குட்டிச் சுருட்டை விரியன் என்று தப்பாக எண்ணி மருந்து ஏற்றினால் பலன் கிடைக்காது, மருந்தின் ஒவ்வாமை மட்டும் மிஞ்சலாம். அதனால்தான் எந்தப் பாம்பு என்று மருத்துவர்கள் அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள். அதற்காகப் பாம்பைத் தேடிப் போகவோ, அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகவோ வேண்டாம். எட்ட நின்றபடி ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு, கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.